செல்வி பேசுதேன்

தென்காசியில் சுள்ளென்று வெயில். துணி காயப்போட மாடிக்கு வந்த முத்துசெல்வி மேற்கே பார்த்தாள். குற்றால மலையின் தலையைக் காணவில்லை. கருமேகம் அதன் இடுப்புவரை இறங்கியிருந்தது.

வெளியூர்க்காரர்கள் வெயிலைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். கீழே அடிக்கிற வெயில் இந்த ஊர் ஓடைகளுக்கு ஒரு பொருட்டே இல்லை. மேலே பெய்தால் போதும், தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும். நேற்றே இதை யோசித்து அவள் இன்றைய காட்டு நடையின் பாதையை மாற்றியிருந்தாள். வடகரைக்கு மேலே பரமேஸ்வரன் அண்ணாச்சியின் தோட்டம், அதன் நடுவே ஓடை, ஓடைக்கு அந்தப்பக்கம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிற ஒரு பாறை. "நாளைக்கு ஓடையைத் தாண்ட வேண்டாம், பாறைக்குப் போக வேண்டாம். தோப்பு வழியாவே சுத்தி வந்துருங்க" என்று தோழி ஜெஸிக்குச் செய்தி அனுப்பினாள். ஜெஸி பதிலுக்குக் கட்டைவிரல் படம் போட்டிருந்தாள்.

இருவரும் கல்லூரியில் தாவரவியல் ஒன்றாகப் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் இந்தக் காட்டு நடைகளைத் தொடங்கினார்கள். பாதையைத் தனியாக நடந்து பார்த்து, எங்கே உட்காரலாம், எங்கே அட்டை கடிக்கும், மேகம் இறங்குமுன் எங்கே திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது முத்துசெல்வி. ஆட்களைக் கூட்டிப்போவது ஜெஸி. நாலு பேர் முன்னால் நின்றால் முத்துசெல்விக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா குத்திக்காட்டும்போதெல்லாம் ஜெஸிதான் முட்டுக்கொடுப்பாள். "அவளுக்கு வாய் நான் இருக்கேன், அத்தை. அவ எழுதட்டும், நான் பேசுதேன்."

எழுதியதன் அடியில் 'செல்வி' என்று போட்டு, நடைக்கு வருகிறவர்களின் குரூப்பில் ஜெஸி ஏற்றுவாள். நடை முடிந்த ஞாயிறு சாயங்காலங்களில் வந்து உட்கார்ந்து கதை சொல்வாள். "ஒரே உன் பேச்சுதாம்ட்டி. செல்வி மேடம், செல்வி மேடம்னு உசுர விடுதாங்க." அந்த ஒரு வார்த்தை முத்துசெல்விக்கு அடுத்த ஞாயிறுவரை தாங்கும்.

ஜெஸிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. இன்னொருமுறையும் அப்படியே. வந்திருப்பவர்களில் மதுரையைச் சேர்ந்த அபி என்ற பெண்ணுக்கு மூச்சிரைப்பு உண்டு. அதற்காக, கூடவே வந்திருக்கும் அவள் அம்மாவின் எண்ணை முத்துசெல்வி ஜெஸியிடம் வாங்கி வைத்திருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு அதற்கு அடித்தாள்.

"அபி அம்மாவா? நான்... செல்வி. பாதை போடுற..."

"எந்தச் செல்வி? செல்வி மேடம் இங்க பக்கத்துலதான் நிக்கிறாங்க. ஓடையைத் தாண்டப்போறோம். அவங்ககிட்டயே பேசுங்க."

ஃபோன் கை மாறியது.

"ஹலோ, செல்வி பேசுதேன்."

ஜெஸியின் குரல்.

முத்துசெல்வி கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போட்டாள். அது சரியாக விழாமல் தரையில் கிடந்தது.

"ஹலோ, யாரு?"

"நாந்தான்."

சருகு மிதிபடும் சத்தம். ஜெஸி தள்ளிப் போகிறாள். "ஏட்டி, இவங்களுக்கு எதுக்குப் போடுத?"

"நீ எடுக்கல."

"கேளு. வாரவங்க எல்லாம் செல்வி எங்க, செல்வி எங்கன்னு கேக்காங்க. நீயோ வரமாட்ட. ஒருத்தர் என்னையவே செல்வின்னு கூப்பிட்டாரு, சும்மா இருந்துட்டேன். இதுல என்ன இருக்கு?"

"எப்போ இருந்து?"

"போன சீசன்லருந்து."

போன சீசனில் கேட்ட பாராட்டெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவளைப் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை. ஜெஸியின் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். ஜெஸி சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுவந்து தந்திருக்கிறாள். இவள் அதைத் தனக்கென்றே வந்த பந்தி என்று நம்பியிருக்கிறாள்.

"ஓடையைத் தாண்டாதன்னு சொன்னேன்."

"கணுக்கால் தண்ணிகூட இல்லட்டி. பாறையைப் பார்க்காம இவங்க திரும்ப மாட்டாங்க. செல்வி போட்ட பாதைன்னு நம்பி நிக்காங்க."

"செல்வி போடல."

அபியின் அம்மாவிடம் ஃபோனைக் கொடு என்று கத்தியிருக்கலாம். முன்பின் தெரியாதவர்களிடம் நான்தான் செல்வி என்று நிரூபிக்கவேண்டும். அவர்கள் சிரிப்பார்கள், ஜெஸியைப் பார்ப்பார்கள், தாண்டிவிடுவார்கள். மேகம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர்கள் கேட்கக்கூடிய ஒரே ஆள் அங்கேதான் நின்றாள்.

"ஜெஸி, நீ செல்வியாவே இரு. இப்பமே திரும்பச் சொல்லு. செல்வி சொன்னா கேப்பாங்க."

ஜெஸியின் காலடி மறுபடி சருகில் கேட்டது. பிறகு சத்தமாக, "எல்லாரும் இங்கன வாங்க! மேல மழை பிடிச்சிருக்கு. பாதை நான் போட்டதுதான், ஆனா இன்னைக்கு வேண்டாம்" என்றாள்.

யாரோ முணுமுணுத்தார்கள். "செல்வி மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் ஒரு ஆண். ஒன்றிரண்டு பேர் கைதட்டினார்கள். இணைப்பு அறுந்தது.

முத்துசெல்வி துணியை மறுபடி அலசிக் காயப்போட்டாள். கீழே போகத் தோன்றவில்லை. தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தபோது அபியின் அம்மா கூப்பிட்டார். மூச்சு வாங்கப் பேசினார்.

"இப்பத்தாங்க தண்ணி வந்துச்சு. செக்கச்செவேல்னு, மரக்கிளையெல்லாம் இழுத்துட்டு. நாங்க கால் வைக்கப்போன கல்லே தெரியல. செல்வி மேடத்துக்கு எப்படித்தான் தெரிஞ்சுச்சோ, தெய்வம்மா அவங்க. நீங்க அவங்ககூட வேலை பார்க்கிறீங்களா? பேர் என்ன சொன்னீங்க?"

"முத்துசெல்வி."

"அட, ரெண்டு செல்வியா!" அவர் சிரித்தார். பின்னால் ஜெஸியும் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

முத்துசெல்விக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எச்சிலைக் கூட்டி விழுங்கினாள்.

"இல்லக்கா. ஒண்ணுதான்."

அங்கே சிரிப்பு நின்றது. "என்னம்மா சொல்றீங்க?"

முத்துசெல்வி ஃபோனை வைக்கவில்லை. "பக்கத்துல நிக்கவ பேரு ஜெஸி" என்று ஆரம்பித்தாள்.