காருக்கு ஏர்த் இல்லை

வீரகத்தி காரின் பிரேக்கை மிதித்தால் பக்கத்து வீட்டுத் தாட்சாயினியின் குசினியில் பல்ப் எரியும். ஹோர்னை அழுத்தினால் வாசிகசாலைச் சுவர்மணிக்கூடு நின்றுவிடும். இடப்பக்கச் சிக்னலைப் போட்டால் கோயில் ஒலிபெருக்கி ஒருமுறை உறுமி அடங்கும். காரில் மட்டும் எதுவும் எரியாது. முத்தையன்கட்டு வாய்க்காலோரத்துச் சனங்கள் இதற்கு ஒரு கிழமை வியந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். மின்வெட்டு நேரங்களில் தாட்சாயினி வேலிக்கு மேலால் எட்டி, “அண்ணை, புட்டு அவியுமட்டும் ஒருக்கா மிதிச்சுக்கொண்டிருங்கோவன்” என்பாள். மறுத்துப் பேச வீரகத்திக்குத் தெம்பில்லை. காருக்குள் ஏறியிருந்து, புட்டு அவியும்வரை மிதித்துக்கொண்டிருப்பார்.

அது அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றக் காணிக்கு வந்தபோது ஓட்டிவந்த சாம்பல் நிறக் கார். பொருளாதாரத் தடைக் காலம் முழுவதும் முணுமுணுக்காமல் மண்ணெண்ணெயில் ஓடியது. கடைசி யுத்தத்தில் குடும்பத்தைச் சுமந்துகொண்டு கடற்கரைப் பக்கத்து வெளியொன்றுவரை போய், அதற்கப்பால் பாதை இல்லாததால் நின்றது. அவர்கள் இறங்கி நடந்தார்கள். காரைப் பூட்டிய திறப்பு மட்டும் வீரகத்தியின் மடியில் வந்தது. கைவிடப்பட்ட மற்ற வாகனங்களோடு வாகனமாகக் கார் அங்கே சில மாரிகளைக் கழித்தது. உரிமையாளர்கள் வந்து எடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தபோது வீரகத்தி போகவில்லை; உழவு இயந்திரக்காரர் ஒருவர்தான் கட்டியிழுத்து வந்தார். ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் எல்லோரிடமும் அந்தக் காரணம் இருந்தது.

அதன் பிறகும் கார் வருடக்கணக்காக ஒழுங்காகத்தான் ஓடியது. போன வருடம் மனைவி நாகேஸ்வரிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகின. கிழமைக்கு இரண்டு தரம் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். குடிக்கும் தண்ணீர்கூட அளவுதான், காலையில் ஒரு சின்னப் போத்தலில் ஊற்றி வைத்தால் இரவு படுக்கும்வரை அதுதான். பஸ்ஸில் நிற்க அவருக்கு ஏலாது. முச்சக்கரவண்டி குலுக்கினால் வாந்தி. நோயாளி ஏறுகிற கார் என்று வீரகத்தி அடித்தட்டுத் துருவைச் சுரண்டி, இடுக்குகளில் இன்னும் கிடந்த கடற்கரை மணலைக் காற்றடித்து ஊதித் தள்ளி, புதுப் பெயின்ற் பூசுவித்தார். அன்றிலிருந்துதான் மின்சாரம் காரை விட்டு ஊருக்குள் போகத் தொடங்கியது. பற்றரி வவுனியாப் பாதையில் ஒட்டுசுட்டான் தாண்டுவதற்குள் இறந்துவிடும். ஆஸ்பத்திரித் தவணை ஒன்று தவறியது. நாகேஸ்வரியின் கால்கள் வீங்கின. இன்னொன்று தவறினால் மூச்சு முட்டும் என்று தாதி சொல்லியிருந்தார்.

முல்லைத்தீவில் படகு எஞ்சின்களுக்கு வயரிங் செய்யும் யோசெப் வந்து பார்த்தான். பற்றரியை மாற்றினான், வயர்களை மாற்றினான், பெயின்ற்தான் தடுக்கிறது என்று இரும்பு பளபளக்கும்வரை உரஞ்சினான். தாட்சாயினியின் குசினிதான் எரிந்தது. மீற்றரைப் பிடித்தபடி அவன் நெடுநேரம் குந்தியிருந்தான்.

“அண்ணை, கறண்ட் பற்றரியில இருந்து போகுது. திரும்பி வாறேல்லை. உங்கட காருக்கு ஏர்த் இல்லை.”

மாமரத்தடிக் கதிரையில் இருந்த நாகேஸ்வரி, “எங்கட காணிக்கே இன்னும் பேர்மிட் இல்லை. அதுக்கு எங்கால ஏர்த்?” என்றார். பிறகு, “ஏர்த் எண்டா மண்தானே தம்பி? மண்ணைக் குடுத்துப் பாருங்கோவன்.”

யோசெப் சிரித்தான். ஆனால் செய்யாமல் விட்ட வேலை வேறெதுவும் மிச்சமிருக்கவில்லை. ஒரு பால்மா ரின்னில் வீரகத்தியின் வயல் மண்ணை நிரப்பி, ஏர்த் வயரை அதற்குள் புதைத்தான். மாற்றமில்லை. தகப்பனின் ஊரான யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து பஸ்ஸில் செம்மண் வந்தது. அதை வைத்து மிதித்தபோது தாட்சாயினியின் குசினியோடு அவளுடைய மாமியின் குசினியும் எரிந்தது.

“நாங்கள் விட்டிட்டு நடந்த இடத்திலதான் அது இன்னும் நிக்குது போல” என்றார் நாகேஸ்வரி. வீரகத்தி கிணற்றடிக்குப் போய், கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினார். மறுநாள் விடிய நாகேஸ்வரியின் கால் செருப்புக்குள் நுழையவில்லை. வீரகத்தி பால்மா ரின்னோடு யோசெப்பின் மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

கார் கைவிடப்பட்ட கடற்கரை வெளியில் மாடுகள் மேய்ந்தன. மணலை அடம்பன் கொடி மூடியிருந்தது. விலக்கினால் கண்ணாடித் தூள் மினுங்கியது.

“எவ்விடம் அண்ணை?”

வீரகத்தி தேடவில்லை. நேராக நடந்துபோய் ஓரிடத்தில் குந்தி, சிரட்டையால் அள்ளினார். ரின் நிறைந்த பிறகும் எழும்பவில்லை. யோசெப் தள்ளிப்போய் நின்று, தேவையில்லாமல் மோட்டார் சைக்கிளின் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னேரம் அந்த மணலுக்குள் வயரைப் புதைத்து முடுக்கினார்கள். வீரகத்தி பிரேக்கை மிதித்தார். காரின் பின்னால் சிவப்பாக எரிந்தது. அந்த நொடியே வேலிக்கு அப்பால் சத்தம் கேட்டது: “ஐயோ அண்ணை, லைற் நிண்டிட்டுது! கறி அடுப்பில கிடக்கு!”

“மெழுகுதிரியைக் கொளுத்து பிள்ளை, நாங்கள் வவுனியாவுக்குப் போறம்” என்றார் நாகேஸ்வரி. அன்று அவர்கள் தவணைக்கு நேரத்தோடே போய்ச் சேர்ந்தார்கள்.

ரின் இப்போதும் பற்றரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாரி முடிய அதிலிருந்து அடம்பன் துளிர்த்து, முன்கம்பிகளுக்கூடாக ஊதாப் பூவோடு வெளியே வந்தது. புளியங்குளத்தில் மறித்த பொலிஸ்காரர் பொனற்றைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, என்ன இது என்று கேட்டார். “ஏர்த்” என்றார் வீரகத்தி. பொலிஸ்காரர் தலையாட்டி, போகச் சொன்னார். மண் காய்ந்தால் மட்டும் தாட்சாயினியின் பல்ப் மினுக்கத் தொடங்கும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிற காலைகளில் நாகேஸ்வரி தன் அளவுத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, ஒரு மிடறை ரின்னுக்குள் ஊற்றுவார். கிணறு நிறையத் தண்ணீர் இருக்கிறதே என்று வீரகத்தி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “அது என்ரை பங்கு” என்றுவிட்டு, நாகேஸ்வரி மூடியை இறுக்கிக்கொண்டு காரில் ஏறினார்.