கேக்கில் எழுதிய எண்

டபிள்யூ போசான் என்கிற நுண்துகள்கள் மூன்று ஒரே மோதலில் சேர்ந்து பிறப்பது லேசில் நடக்கிற காரியமில்லை. கோடானுகோடி புரோட்டான்களை மோதவிட்டு, தெறித்த குப்பையைக் கிளறிக் கிளறி நான்கு வருடம் அதைத்தான் தேடினேன். கைமேல் பலன், மூக்குக் கண்ணாடி.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விடை இருக்கும் பகுதியை முதலிலேயே பூட்டிவிடுவோம். எந்த மோதலை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற விதிகளை அதைப் பார்க்காமலே முடிவு செய்ய வேண்டும். பார்த்துவிட்டால் மனசு கேட்காது. வேண்டிய விடை வரும்வரை விதியை வளைப்போம். கடைசியில் எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு தடவை திறப்போம். கிடைத்தது தற்செயல் இல்லை என்ற உறுதியைச் சிக்மாவில் அளப்போம்; ஐந்து சிக்மாவைத் தாண்டினால் கண்டுபிடிப்பு. தாண்டாவிட்டால் வெறும் தடயம்.

கண்டுபிடிப்பு என்றால் எனக்கு வேலை நிரந்தரம். தடயம் என்றால் மாதக் கடைசியோடு நடையைக் கட்ட வேண்டியதுதான். ஏழு வயதுக்குள் மூன்று ஊர் மாறிய என் மகள், இந்த ஊரில்தான் முதல்முறையாக ஒரு சிநேகிதியைப் பிடித்திருந்தாள்.

பூட்டின் கடவுச்சொல் எங்கள் குழுத் தலைவரிடம் இருந்தது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘இன்னொரு தடவை’. எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் இரண்டு நாள் கழித்துக் கூப்பிடுவார். “எல்லாம் சரிதாம்மா. அந்த மியூவான் விதியை மட்டும் கொஞ்சம் இறுக்கி, இன்னொரு தடவை பண்ணிடேன்.” இப்படிப் பதினோரு தடவை. எவ்வளவு கவனமான மனுஷன் என்று வீட்டில் புகழ்ந்திருக்கிறேன். என் புத்தியை என்ன சொல்ல!

திறப்பு நாளில் காலை பதினோரு மணிக்குக் கூட்ட அறை நிரம்பி வழிந்தது. வெளியிலிருந்து வந்திருந்த மதிப்பீட்டாளர் அம்மா முன்வரிசையில் இருந்தார். தலைவர் கடவுச்சொல்லைத் தட்டினார். திரையில் 5.3 வந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கேக்கை வெட்டும்மா” என்றார்.

அட்டைப்பெட்டியின் நூலை அவிழ்த்தேன். வெள்ளைக் கிரீம்மேல் சிவப்பில் ‘5.3 வாழ்த்துகள்’ என்று இருந்தது. மறுபடியும் கைதட்டினார்கள், படித்த மேதைகள். மூடியில் ஒட்டியிருந்த பேக்கரிச் சீட்டில் ஆர்டர் கொடுத்த நேரம் போட்டிருந்தது. நேற்று மாலை நான்கு மணி.

கத்தி என் கையில். முதல் வெட்டை அந்த எண்மேலேயே போட்டிருந்தால் ஒரு ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. சத்தியமாக இரண்டு நொடி யோசித்தேன். மகளின் முகம் வந்தது. பிறகு அந்தப் பதினோரு தடவையும் வரிசையாக நினைவுக்கு வந்து, உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“சார், இப்பத்தானே திறந்தோம். பேக்கரிக்காரருக்கு நேத்தே எப்படித் தெரிஞ்சுது?”

“ஒரு நம்பிக்கைல போடச் சொன்னேம்மா.”

“புள்ளி மூணு வரைக்கும் நம்பிக்கையா?”

முதன்முதலில், பார்க்காமல் நான் வைத்த விதிகள் மடிக்கணினியில் அப்படியே இருந்தன. பூட்டுதான் திறந்தாயிற்றே, அவற்றை ஓட்டினேன். ஆறு நிமிடத்தில் விடை வந்தது. 4.4.

மதிப்பீட்டாளர் அம்மா என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கேக்கை யாரும் தொடவில்லை.

அடுத்த வாரம் இரண்டு கடிதங்கள் வந்தன. என் நேர்மை முன்மாதிரியானது, ஆனால் ஐந்து எட்டப்படாததால் பணி நீட்டிப்பு இல்லை என்றது ஒன்று. யாரும் முன்கூட்டியே திறந்து பார்க்காமல் தடுக்க ஒரு கண்காணிப்புக் குழு அமைக்கப்படுகிறது, அனுபவம் கருதி அதற்கு ‘இன்னொரு தடவை’யே தலைவர் என்றது மற்றொன்று.

சாமான் கட்டும்போது மகள் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

“எங்க கிளாஸ்ல பார்த்து எழுதினா முட்டைதான். உங்க சாருக்கு என்னம்மா போட்டாங்க?”

“தலைவர் பதவி.”

“உனக்கு?”

கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். “நாலு புள்ளி நாலு.”

“நூத்துக்கா?”

“அஞ்சுக்கு.”

“அஞ்சுக்கா? அது நல்ல மார்க்தானேம்மா!” என்றாள்.