காவடிக்கு முன்னால் தண்ணீர் லோரி

குழாயைத் திருகினாள் அன்பரசி. 'புஸ்' என்று காற்றுதான் வந்தது. மூன்று நாளாக இதே கதை. ஒன்பது மாத மகள் இரவெல்லாம் வயிற்றால் போய்த் தோளில் துவண்டு கிடந்தாள். கழுவிவிடத் தண்ணீர் இல்லை. கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரும் பால் புட்டி கழுவியே தீர்ந்துவிட்டது.

ஆற்றின் மேல்பக்கம் எவனோ எதையோ கொட்டிவிட, சுத்திகரிப்பு நிலையத்தை மூடிவிட்டார்களாம். ஆனால் முந்தின நாள் மாலை, அவர்கள் குடியிருக்கும் புக்கிட் பெலிம்பிங்கே மூழ்கும்படி மழை கொட்டியது. வாசலில் வெள்ளம், குழாயில் காற்று! செம்பனைத் தோட்டத்தை அழித்து வரிசை வரிசையாக வீடு கட்டியவர்களுக்கு, இத்தனை வீட்டுக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும், பெய்த மழை எங்கே போகும் என்று யோசிக்க நேரமில்லை போலும். குடிவந்தவர்களும் யோசிக்கவில்லை, அது வேறு விஷயம்.

காலையிலேயே தண்ணீர் லோரி வரும் என்றார்கள். வெயில் உச்சிக்கு ஏறியும் வரவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டு நஸீராவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு வாளிகளோடு தேடிக் கிளம்பினாள்.

லோரி கோயில் முன்னால் நின்றது. அன்றைக்குத் திருவிழா. காவடி எடுப்பவர்களுக்குக் கால் சுடக் கூடாதென்று தார் ரோட்டை நனைப்பது அங்கே வழக்கம். வீடுகளுக்கென்று வந்த லோரியைக் கோயில் தலைவர் தங்கராஜு வழியிலேயே மறித்துவிட்டார். லோரிக்காரர் தேவன் ரப்பர் குழாயால் ரோட்டில் பீய்ச்சிக்கொண்டிருந்தார். நல்ல தண்ணீர் அத்தனையும் சாக்கடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது வீட்டுக்கு வந்த தண்ணி!" என்றாள் அன்பரசி.

"தலைவரு சொல்லிட்டாரு லா. நான் என்ன செய்ய?" என்றார் தேவன்.

தங்கராஜு வந்தார். "கொஞ்சம் பொறும்மா. சாமி காரியம் முடியட்டும். மிச்சம் இருந்தா வீட்டுக்கு அனுப்புறேன்."

"மிச்சமா? பிள்ளைக்கு வயித்தால போகுதுங்க. கழுவ ஒரு சொட்டு இல்ல!"

"ஒன் புருஷன் காலுக்குத்தாம்மா ஊத்துறோம்!"

அதுவும் உண்மைதான். பால்காவடியோடு முதல் ஆளாக வந்துகொண்டிருந்தவன் அவள் கணவன் ரவீந்திரன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த மகளுக்காக வேண்டிக்கொண்ட காவடி அது.

அன்பரசிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாளிகளை நடுரோட்டில் வைத்துவிட்டு நின்றாள். மேளம் தடுமாறி ஓய்ந்தது. காவடியை மறிக்கிறாளே என்று பின்னால் வந்த பெண்கள் முணுமுணுத்தார்கள்.

"யாருக்குங்க இந்தக் காவடி? நம்ம பிள்ளைக்குத்தானே? அவ அங்க காஞ்சு கெடக்கா. அவ தண்ணிய நீங்க மிதிச்சுக்கிட்டு வர்றீங்க!"

ரவீந்திரன் கீழே பார்த்தான். பாதம் குளிர்ந்துதான் இருந்தது. தேவன் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, பைப்ப அடைங்க. லோரிய வீட்டுப் பக்கம் கொண்டு போங்க."

"தம்பி, கால் வெந்துரும்பா!" தங்கராஜு பதறினார்.

"வேகட்டும் தலைவரே. நேத்து பேஞ்ச மழையில நம்ம கோயில் மண்டபத்துக் கூரைத் தண்ணியப் பிடிச்சிருந்தாலே இந்த ரோடு பூரா நனைச்சிருக்கலாம். அத சாக்கடையில விட்டுட்டு, இப்ப குடிக்கிற தண்ணியையும் அதே சாக்கடையில விடுறோம். அப்புறம் தண்ணி விடுற கம்பெனிக்காரனத் திட்டுறோம். ஆத்துல கொட்டுனவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? மழை, ஆறு, குழாய் எல்லாம் ஒரே தண்ணிதான். ஒண்ணக் கெடுத்தா எல்லாம் கெட்டுச்சு."

தேவன் முதலில் அன்பரசியின் வாளிகளை நிரப்பினார். அவள் அவற்றோடு லோரியின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள், அது வீடுகளை நோக்கித் திரும்பியது. மேளம் மறுபடி முழங்கியது. காய்ந்த தாரில் ரவீந்திரன் கால் வைத்தான். தங்கராஜுவும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு அவனோடு நடந்தார். நாலு அடிக்குள் முகம் கோணியது.

"ரொம்ப சுடுதுப்பா."

"சுடட்டும் தலைவரே. குடிக்கிற தண்ணிய ரோட்டுல ஊத்துன நமக்குச் சுட்டாத்தான் புத்தி வரும்."