டாக்டர் கிறிஸ்துராஜிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை

டாக்டர் கிறிஸ்துராஜ் குணப்படுத்திய எவர் கண்ணுக்கும் அதன்பின் அவர் தெரிந்ததில்லை. 1952இல் மெட்ராஸிலிருந்து வந்து திண்டுக்கல் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கத்தியை எடுத்த முதல் வருடத்திலேயே இது ஊருக்குத் தெரிந்துவிட்டது. காரணத்திலும் ரகசியம் இல்லை. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொன்னால் நோயும் கூடவே திரும்பி வரும் என்பதால், நம் சனங்கள் வாயைத் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டுவார்கள். தாண்டிய நொடியில் டாக்டர் அவர்கள் கண்ணிலிருந்து போய்விடுவார். குரலும் கேட்காது. பிழைக்காதவர்களுக்கு மட்டும் கடைசிவரை நன்றாகத் தெரிவார்.

தாடிக்கொம்பு ஒச்சப்பன் புகையிலை வியாபாரி. கன்னத்தில் வந்த கட்டியை டாக்டர் வேரோடு எடுத்துவிட்டார். கடை வாசல்களில் தினம் நூறு தரம் சொல்லிப் பழகிய வாய், கேட்டிலும் "வாரேன் டாக்டரய்யா" என்றுவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் சந்தையில் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்ட பழைய நோயாளி ஒச்சப்பன் ஒருவர்தான். அந்தக் கும்பிடுக்காகவே, வெற்றிலை போடாத டாக்டர் அந்தக் கடையில் புகையிலை வாங்கினார். மூன்றாம் வருடம் ஒச்சப்பன் மறு கன்னத்தில் கட்டியோடு வந்து ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனார். பிறகு யாருக்கும் வாய் தவறவில்லை.

டாக்டரின் கைராசியைக் கேள்விப்பட்டு வத்தலக்குண்டு, நெய்க்காரப்பட்டி என்று எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வந்தார்கள். பேர் வளர வளர அவரைப் பார்க்கக்கூடியவர்கள் குறைந்தார்கள். முடிவெட்டுகிறவருக்குத் தெரியாமல் போனார், பஸ் கண்டக்டருக்குத் தெரியாமல் போனார். மாதா கோயில் பெஞ்சில் அவர் மடியிலேயே வந்து உட்கார்ந்தார்கள். 1961இல் ஊர் கூடிப் பாராட்டு விழா எடுத்தது. விழாத் தலைவரின் நாக்கைக் காப்பாற்றியதும் டாக்டர்தான் என்பதால் தலைவர் மாலையைக் குத்துமதிப்பாகப் போட்டார். அது அந்தரத்தில் நின்றது, எல்லோரும் கைதட்டினார்கள். அன்று நாம் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்கலாம்.

வீட்டில் அவரைப் பார்த்துப் பேச மனைவி ஆனந்தமேரி இருந்தார். கன்னியர் பள்ளியில் கணக்கு டீச்சர். குடியிருப்பு ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள் என்பதால் அவரும் காலையில் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை, குடையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். 1964இல் அவருக்கு மார்பில் கட்டி வந்தது. ஏழு மாதம் மறைத்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார் டாக்டர்.

"சொன்னா அறுப்பீங்க. அறுத்தா சரியாயிரும். பெறகு ஒங்கள எங்க போயித் தேடுவேன்?"

டாக்டர் அழுதார். வேறு கை அறுத்தால் தப்பிக்கலாம் என்று பெரிய ஆஸ்பத்திரிகள் இரண்டுக்குக் கூட்டிப்போனார். முற்றிவிட்டது, இதை எடுத்தால் நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று இரண்டுமே கைவிரித்துவிட்டன. திரும்பி வந்து ஆறு மணிநேரம் அறுத்தார். ஐந்தாவது வாரம் புண் ஆறியது. இருவரும் கேட்டுவரை நடந்தார்கள்.

ஆனந்தமேரி நின்றார். "ஒச்சப்பனுக்கு ரெண்டு வருசம் கெடச்சுச்சுல்ல. எனக்கு அம்புட்டுப் போதும். சொல்லிட்டுத்தான் போவேன்."

"எனக்குப் போதாது மேரி," என்று டாக்டர் அவர் வாயைப் பொத்தினார். பொத்திய கையோடு கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். உதட்டில் அந்தக் கையின் சூடு செத்த நேரம் இருந்தது என்று ஆனந்தமேரி பிற்பாடு சொன்னார்.

அந்த மாதமே டாக்டர் காம்பவுண்டைக் காலிசெய்து மலைக்கோட்டைக்குக் கீழே வாடகைக்கு வீடு பிடித்தார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல் நடக்க வேண்டிய வீடு எதற்கு என்று ஊருக்கு விளங்கவில்லை. ஆனந்தமேரி இரண்டு தட்டு வைப்பார், இரண்டும் காலியாகும். எதிர்த் தட்டில் வெஞ்சனம் மிஞ்சினால் மறுநாள் உப்பைக் கூட்டிப் போடுவார். கட்டி திரும்பி வரவில்லை.

தினமும் காலை எட்டரைக்கு ஆனந்தமேரி குடையை எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்று, காலி நாற்காலியைப் பார்த்து, "போயிட்டு வாரேன்" என்பார். வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்ல வேண்டிய வார்த்தைதான். அதைக் கேட்ட பிறகே டாக்டர் செருப்பை மாட்டுவார் என்று, இதுவரை எந்தக் கட்டியும் வராத பால்காரர் பெரியகருப்பன் சொல்கிறார். சாயங்காலம் நாலேமுக்காலுக்கு, சொன்னபடி ஆனந்தமேரி திரும்பி வந்துவிடுவார்.