ஆணி படாத ஆப்பிள்

எலோர்தி வீட்டில் ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து எடுக்கும் சைடரில் எங்கள் மலையில் விழாத ஆப்பிள் ஒன்றுகூடச் சேர்ந்ததில்லை. என் தந்தை காலத்தில் இல்லை, அவர் தந்தை காலத்தில் இல்லை, என் காலத்திலும் இல்லை. எங்கள் ஊர் ஹெர்னானியைச் சுற்றி எத்தனையோ சைடர் வீடுகள் இருக்கின்றன. விளைச்சல் குறைந்த ஆண்டில் லாரியில் வெளியூர் ஆப்பிள் இறக்குகிறவர்களை நான் குறை சொல்வதில்லை. அவர்கள் வீடு, அவர்கள் பெயர்.

எங்கள் மரங்கள் ஓராண்டு காய்த்துத் தள்ளினால் மறு ஆண்டு ஓய்வெடுக்கும். நான் சொல்லும் ஆண்டு அப்படியொரு ஓய்வு ஆண்டு. இருந்தும் செப்டம்பரில், கோவிலுக்கு எதிரே உள்ள மதுக்கடையில், நான்கு சைடர் வீட்டுக்காரர்கள் முன்னால், "எலோர்தியில இந்த வருஷமும் ஆறு பீப்பாய்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான். அக்டோபர் முடிவில் ஐந்து நிரம்பியிருந்தன. ஆறாவது காலி.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை நான் பல் பிடுங்கத் தொலோசாவுக்குப் போயிருந்தேன். அன்றைக்குத்தான் என் அக்கா மைஷாபெலின் கணவர் எர்ரமுன் டிராக்டர் வண்டி நிறைய ஆப்பிள் கொண்டுவந்து இறக்கினார். அவர்கள் தோட்டம் எங்கள் மலையின் மேல் சரிவில் இருக்கிறது. என் மகள் ஓயானா அன்றே அவற்றைக் கழுவி, அரைத்து, பிழிந்து ஆறாவது பீப்பாயில் சேர்த்துவிட்டாள். சைடர் வீட்டை இப்போது நடத்துகிறவள் அவள்தான். பெயருக்கு நான் பொறுப்பு. வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தவன், பீப்பாயைத் தட்டி, அது நிரம்பிவிட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தூங்கப் போனேன். மனம் நிறைந்திருந்தது.

சனிக்கிழமை, மடித்து வைத்த சாக்குகளை உதறினேன். ஒன்றின் அடியிலிருந்து பதினோரு ஆப்பிள் உருண்டன. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினேன். மறுபடி திருப்பினேன். பதினொன்றையும் பார்த்தேன். எதிலும் ஆணித் துளை இல்லை.

நாங்கள் ஆப்பிளைக் குனிந்து பொறுக்குவதில்லை. தானாக விழுந்ததை ஆணிக்கோலால் குத்தியெடுத்துக் கூடையின் விளிம்பில் தட்டி உள்ளே விழச் செய்வோம். கோலின் நுனியில் ஒரே ஓர் ஆணி. நடக்கப் பழகிய குழந்தைக்கும் எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு சின்னக் கோல் உண்டு. அதனால் எங்கள் ஆப்பிள் ஒவ்வொன்றிலும் ஒரு துளை இருக்கும். துளை இல்லாத ஆப்பிள் இயந்திரம் வாரியெடுத்த ஆப்பிள். அது லாரியில்தான் வரும்.

மறுநாள் ஞாயிற்றுப் பூசை முடிந்து மதுக்கடைக்குப் போனேன். எர்ரமுன் சீட்டாடிக்கொண்டிருந்தார்.

"வா மச்சான்! எலோர்தியோட ஆறாவது பீப்பாய் யாரு புண்ணியம்னு இவங்களுக்கு நீயே சொல்லு."

"அதைக் கேக்கத்தான் வந்தேன் அத்தான். உங்க ஆப்பிள் எந்த லாரியில வந்துச்சு?"

 நான் ஓர் ஆப்பிளைச் சீட்டுகளின் நடுவே வைத்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அங்கே இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எர்ரமுன் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். குற்றவாளிதான் பேசாமல் போவான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஓயானாவிடம் சொன்னேன்.

"ஆறாவதைத் திறந்து ஓடையில விட்டுடு."

அவள் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மாட்டேன்."

"லாரி ஆப்பிள்மா அது. ஜனவரியில ஜனங்க கிளாஸை நீட்டிக்கிட்டு வரிசையில நிக்கும்போது, இது எங்க மலை ஆப்பிள்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"பிழிஞ்சது நான். என் மூக்கு பொய் சொல்லாது. அது மேல் சரிவு ஆப்பிள்."

"அப்போ துளை எங்க?"

"எனக்குத் தெரியாது. அத்தைகிட்ட போய்க் கேளுங்க. கேட்டுட்டு வந்து ஊத்தணும்னு சொன்னா, நானே ஊத்துறேன். கேக்காம ஒரு சொட்டு கூட வெளிய போகாது."

எழுபத்தோரு வயதில் எனக்கு யாரும் கட்டளையிடுவதில்லை. ஆனால் பீப்பாய்ச் சாவி அவளுடைய இடுப்பில் இருந்தது. மேல் சரிவுக்கு ஏறிப் போனேன்.

மைஷாபெல் என்னைவிட நான்கு வயது மூத்தவள். அடுப்படியில் மக்காச்சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"டேய் பலென்தின். என் புருஷனைக் கடையில வச்சுத் திருடன்னு சொன்னியாமே?"

"திருடன்னு சொல்லல. லாரின்னு சொன்னேன்."

"இந்த ஊர்ல ரெண்டும் ஒண்ணுதான், உனக்குத் தெரியாதா? மேல வா."

படியேற அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. ஒவ்வொரு படியிலும் முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு ஏறினாள். பரணில் தரை முழுவதும் காய்ந்த பெரணி இலை பரப்பியிருந்தது. அதன்மேல், ஒன்றோடொன்று ஒட்டாமல், ஆப்பிள்கள். இரண்டு சாக்கு அளவு இருக்கும். எல்லாம் உர்தெபி ரகம், எங்கள் மலையின் பச்சை உர்தெபி. ஒன்றில்கூடத் துளை இல்லை.

"வண்டியில இடம் பத்தல, மிச்சம் இது" என்றாள். "இந்த வருஷம் மரம் எப்படி உதிர்த்துச்சுன்னு பாத்தியா? மரத்துக்கு ஒரு நாளைக்குப் பத்து, ஒரு நாளைக்கு இருபது. வண்டி நிறையணும்னா அஞ்சு வாரம் காக்கணும். ஆணியில குத்தினா அஞ்சு வாரம் தாங்குமா? இதோ, ஒண்ணு தப்பி வந்துருச்சு பாரு."

ஓரத்தில் ஓர் ஆப்பிளைக் காலால் தள்ளிக் காட்டினாள். துளையைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விரிந்து, பாதிப் பழம் அழுகியிருந்தது.

"அதனால கையால எடுத்தேன். முட்டி போட்டு. தினமும் காலையில."

"நீயா? அத்தான் இல்லையா?"

"அவருக்கு முதுகு வளையாது. உனக்குக் கழுத்து வளையாது. எனக்கு வாய்ச்சது ரெண்டும் இப்படி."

 எங்கள் களத்தில் இந்த ஆண்டு என்ன நடந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் வழக்கம்போலக் குத்தியெடுத்தோம். பிழியும் பொறிக்குப் போதுமான அளவு சேரட்டும் என்று குவித்து வைத்தோம். குவியலில் மூன்றில் ஒரு பங்கு கெட்டுப் போய் மாடுகளுக்குப் போட்டோம். மழையைக் குற்றம் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் படித்துவிட்டாள்.

"உன் ஆறாவது பீப்பாயை உன் மாடுங்க தின்னுருச்சுடா."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா வாங்கியிருப்பியா? 'என் அக்கா முட்டி போட்டுப் பொறுக்கினதை எலோர்தி வாங்காது'ன்னு வண்டியைத் திருப்பி அனுப்பியிருப்ப. அதான் அவர்கிட்டயும் சத்தியம் வாங்கினேன். பாவம், கடையில அத்தனை பேர் முன்னாடி வாயைத் திறக்காம வந்து நிக்கிறாரு."

அது உண்மை. அப்படித்தான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"கடையில சொன்னதைக் கடையில எடு. என்கிட்ட, இந்தப் பரண்ல, யாரும் பாக்காதப்ப சொல்ற மன்னிப்பு எனக்கு வேணாம்."

ஒரு வாரம் கழிந்தது. அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் அதே கடைக்குள் அதே நேரத்தில் நுழைந்தேன். ஓயானாவும் கூட வந்தாள். நான் கூப்பிடவில்லை. எர்ரமுன் அதே மேசையில் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிராமல்.

நான் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றினேன். அந்தக் கடையில் நான் தொப்பியைக் கழற்றியதை யாரும் பார்த்ததில்லை.

"போன வாரம் இங்க எர்ரமுன் அத்தானைப் பத்தி நான் சொன்னது பொய்" என்றேன். "ஆப்பிள் நம்ம மலை ஆப்பிள். என் அக்கா கையால பொறுக்கினது."

எர்ரமுன் காதில் கையை வைத்தார்.

"என்ன மச்சான்? கொஞ்சம் சத்தமா. காது மந்தமாயிருச்சு."

பள்ளத்தாக்கின் மறுபக்கம் கூவும் ஆந்தையைக் கேட்கிற காது அது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் முதுகை நிமிர்த்தி, கோவிலின் படி வரை கேட்கும்படி முழுவதையும் மறுபடி சொன்னேன். அதோடு, யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்தேன்.

"எங்க ஆப்பிள்ல மூணுல ஒரு பங்கு அழுகிப் போச்சு. காரணம் மழை இல்ல, நான். ஓய்வு வருஷத்துல ஆணிக்கோலைத் தொடக்கூடாது. அக்காவுக்குத் தெரிஞ்சது, எனக்குத் தெரியல."

"இப்பக் கேட்டுச்சு" என்றார் எர்ரமுன். காலால் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "உக்காரு. சீட்டாவது ஒழுங்கா ஆடுவியான்னு பாப்போம்."

அன்று தோற்றேன். வேண்டுமென்று தோற்றதாக ஓயானா இன்றும் சொல்கிறாள். அது உண்மையில்லை. நான் எதிலும் வேண்டுமென்று தோற்பதில்லை.

ஜனவரியில் ஜனங்களுக்குச் சைடர் வீட்டுக் கதவைத் திறந்தோம். முதல் நாளே கூடம் நிறைந்துவிட்டது. காட் மீன் ஆம்லெட்டும் கரியில் சுட்ட மாட்டிறைச்சியும் மேசைக்கு வந்தபடி இருந்தன. ஒவ்வொரு பீப்பாயாக "சோச்!" என்று கூவி நான் குழாயைத் திறக்க, ஜனங்கள் எழுந்து வந்து, மெல்லிய நூலாகப் பாய்கிற சைடரைக் கிளாஸில் பிடித்துக் குடித்துவிட்டு மேசைக்குத் திரும்பினார்கள். ஐந்து பீப்பாயும் அப்படி ஒரு சுற்று முடிந்தது.

ஆறாவதன் முன்னால் சாவியை மைஷாபெலிடம் நீட்டினேன். அந்த வீட்டில் பிறந்த மூத்த பிள்ளை அவள். வீடு எனக்கு வந்தது. அவள் கல்யாணம் கட்டிக்கொண்டு மலையேறிப் போனாள். அந்தச் சாவியை அவள் ஒருநாளும் தொட்டதில்லை.

"எனக்கு எதுக்கு?"

"கூவு."

"இந்த வயசுலயா?"

"என்னைத் திட்டும்போது மட்டும் நல்லாத்தானே தொண்டை வேலை செய்யுது."

அவள் கூவினாள். கூடமே திரும்பிப் பார்த்தது. வரிசையில் முதல் ஆளாக எர்ரமுன் நின்றார். இரண்டாவது நான். சைடரை வாயில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். புளிப்பு நேராக வந்தது, பின்னால் ஒரு கசப்பு, அதற்குப் பிறகு நெடுநேரம் ஆப்பிள். ஐந்து பீப்பாயிலும் இது இல்லை.

பில்பாவோ நகரத்திலிருந்து வந்த ஒருவர் கிளாஸை விளக்குக்கு நேராகப் பிடித்தபடி கேட்டார்.

"இது யாரு ஆப்பிள் ஐயா? மத்ததைவிட ஒரு படி மேல இருக்கே."

"எலோர்தி வீட்டோடது" என்றேன். "எலோர்தி மைஷாபெல்."

அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தன் கிளாஸைப் பிடித்து, ஒரே மூச்சில் குடித்து, உதட்டைத் துடைத்தாள்.

"புளிப்பு கொஞ்சம் தூக்கல்."

"அது உன் மரத்தோட குணம்" என்றேன்.

"நகருடா. பின்னால ஜனங்க நிக்குது" என்றவள், குழாயை மறுபடி திறந்தாள்.