அத்தை என்கிற டப்பா

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் கிழிந்த விரிப்புகளை அடுக்கும் அலமாரியை யாரும் சீண்டுவதில்லை. அதன் பின்னால் ஒரு தகர டப்பா இருந்தது. பன், தலைவலி மாத்திரை, சில நேரம் ஒரு ஜோடி காலுறை. எடுத்தவர் ஒரு வாரத்துக்குள் எதையாவது வைத்துவிட வேண்டும்; யார் எடுத்தது என்று கேட்கக் கூடாது.

டப்பாவுக்குப் பெயர் அத்தை. இஸ்திரி இயந்திரத்தில் முப்பது வருடம் நின்ற ஒருத்தியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வெறும் வயிற்றோடு வேலைக்கு வருபவர்களுக்காக அதை முதலில் வைத்தவள் அவள். அவள் காலமான பிறகும் பசித்தவர்கள், "அத்தை இருக்காங்களா?" என்றே கேட்டார்கள்.

கூடத்துக்குள் தின்பண்டம் கூடாது என்பது விதி. ஒரு காலை, டப்பாவில் பன் வைத்துக்கொண்டிருந்த, மடிப்பு மேசையில் துணி மடிக்கும் ஒருத்தி மேற்பார்வையாளரிடம் கையும் களவுமாக மாட்டினாள். அவர் ஒரு தாளை நீட்டினார்.

"இதுல கையெழுத்துப் போடும்மா. எச்சரிக்கையோட விட்டுடறேன்."

தாளில், "பொருட்களைப் பதுக்கினேன்" என்று இருந்தது.

"இந்த வார்த்தைக்குப் போட மாட்டேன் சார்."

"ஒளிச்சு வெச்சா அதுக்குப் பேரு பதுக்கல்தான். அகராதியில பாரு."

"பதுக்குறவன் அடுத்தவனுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு வைப்பான். நாங்க கிடைக்கணும்னு வெச்சோம். ஒளிச்சது உங்ககிட்டேர்ந்து மட்டும்தான்."

பக்கத்தில் நீராவிக் கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்த கொதிகலன்காரர் இருமினார். சிரிப்பை விழுங்கிய இருமல்.

"வாய் ரொம்ப நீளுது. வேலை போயிடும்!"

அவள் சம்பளத்தை நம்பி வீட்டில் மூன்று பேர். கடவுளே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பேனாவை வாங்கினாள். 'பதுக்கினேன்' என்பதை அடித்துவிட்டு, 'பசித்தவர்களுக்காக வைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"மேல அனுப்புங்க சார். இதை முதல்ல வெச்ச அத்தை செத்து நாலு வருஷமாச்சு. அவங்களைப் பதுக்கல்காரின்னு எழுத எனக்குக் கை வராது."

டப்பாவை அவள் பழைய இடத்தில் வைக்கவில்லை. மடிப்பு மேசையின் நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். யாரும் அசையவில்லை. கொதிகலன்காரர் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு பன்னை எடுத்து, நின்றபடியே கடித்தார்.

"நீங்களுமாய்யா?" என்றார் மேற்பார்வையாளர்.

"காலையில சாப்பிடல சார்."