சூதை விட்டவர்களின் சீட்டுக்கட்டு

திருகோணமலை இறங்குதுறைக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில், ஸல்ஹா ரீச்சர் வீட்டு முன்னறையில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் மூன்று ஆண்கள் ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள். மேசை நடுவில் ஒரு சீட்டுக்கட்டு இருக்கும். எட்டிப் பார்க்கிறவர்கள் இது சூதாடும் வீடு என்று சத்தியம் பண்ணுவார்கள். அந்த மூன்று பேரும் சூதை விடுவதற்காக அங்கே வருகிறவர்கள்.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ரீச்சரின் புருஷன் சூதில் எல்லாவற்றையும் தொலைத்து, கடைசியில் தன்னையும் எங்கோ தொலைத்துவிட்டவர். அதற்குப் பிறகு ரீச்சர் உளவளத்துணைப் பயிற்சி எடுத்து, இப்படிச் சீரழிந்த ஆட்களைத் தேடிப் பிடித்து, கதிரை போட்டு, மனம் விட்டுக் கதைக்க வைத்தார். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அது. நாலு பேர் ஒரு அறைக்குள் மெதுவாகக் கதைத்தால் ஆமிக்காரருக்குக் காது நீளும் காலம். முதல் சனிக்கிழமையே ரோந்து உள்ளே வந்து, என்ன கூட்டம் என்று கேட்டது. மூவரில் ஒருவரான கிண்ணியாக்காரர் கலீலுர் றஹ்மானுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார், சூதை மறக்கக் கூடியிருக்கிறோம் என்று. ஆமிக்காரர் நம்பினால்தானே! சூதாடக் கூடுவார்கள், சூதாடாமல் இருக்க எவன் கூடுவான் என்று கேட்டு, பொழுதுபடும்வரை எல்லாரையும் முகாமில் இருத்தி வைத்தார்கள்.

அடுத்த கிழமை ரீச்சர் ஒரு சீட்டுக்கட்டை வாங்கி மேசையில் வைத்தார். ரோந்து வந்தது, பார்த்தது, சிரித்துவிட்டுப் போனது. உண்மைக்கு இல்லாத மரியாதை பொய்க்குக் கிடைத்தது. யாரை நொந்துகொள்வது? ஆமிச் சப்பாத்துச் சத்தம் கேட்டால் சீட்டைக் கையில் எடுக்கலாம், சத்தம் போனதும் கீழே வைத்துவிட வேண்டும். அதுதான் ரீச்சரின் சட்டம்.

மூவரில் சோமசேகரத்துக்கு இதில் கஷ்டம் எதுவும் இல்லை. கந்தோரில் கிளாக்கராக இருந்த அவரைக் கவிழ்த்தது குதிரைப் பந்தயம். இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளின் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம், ஆனால் சீட்டை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. கஷ்டமெல்லாம் பாக்கியரத்தினத்துக்குத்தான். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற அவனை விழுங்கியது சீட்டு. கட்டை எடுக்கும்போதெல்லாம் விரல் நுனியில் ஒரு குறுகுறுப்பு ஓடும். வைக்கும்போது மனசு வைக்க விடாது. அதை அவன் அந்த அறையில் வெட்கப்படாமல் சொல்லுவான். கலீலுர் றஹ்மான் தலையை ஆட்டுவார். சம்பள நாளில் வேலைவாசலில் வந்து நின்று, அவனை வீடுவரை கூட்டிக்கொண்டு போய் விடுகிறவரும் அவர்தான்.

பாக்கியரத்தினத்தின் மனைவி கமலாதேவி அவனை விட்டுப் போய் ஒன்றரை வருஷம். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், மூதூருக்குக் கிட்ட, கட்டைபறிச்சானில் தமக்கை வீட்டில் இருந்தாள். நிவாரண அரிசிக்கான அட்டையை அவன் அடகு வைத்து ஆடியபோதுகூட அவள் போகவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்த ஒரு நாள், சீட்டாடும் வீட்டு வாசலில் வந்து நின்று அவனைக் கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அவன் சீட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி இருந்தான், தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. கமலா பெட்டியைக் கட்டினாள்.

"பட்டினி கிடந்ததுக்காகப் போகேல்லை. கூப்பிடக் கூப்பிட நீங்கள் நிமிர்ந்தும் பார்க்கேல்லை. அதுக்குத்தான் போறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று அவனுக்குத் தெரிந்தது. குசினிக்குள் போனால் அவள் தேங்காய் துருவும் சத்தம் இல்லாதது காதை அடைத்தது. வேலை முடிந்ததும் இறங்குதுறைக்குப் போய், மூதூரிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் லோஞ்சுப் படகைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கமலாவைப் பற்றிக் கேட்க வாய் வராது. இறங்கி வருகிறவர்களிடம், "அங்கால மழையோ?" என்று மட்டும் கேட்பான். மழை என்றால் அவள் நனைந்திருப்பாள் என்று கவலைப்படுவான். வெயில் என்றால் கிணற்றில் தண்ணீர் இருக்குமோ என்று கவலைப்படுவான். மாரி கோடை என்று பாராமல் இதையே கேட்கும் இந்த மனிதனுக்கு மூளை பிசகிவிட்டதோ என்று லோஞ்ச்காரர் தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். ஏக்கம் பிடித்தவனைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

ரீச்சரின் மச்சாள் றுக்கியா மூதூரில் இருந்தாள். அவள் மூலம் ரீச்சர் சொல்லி அனுப்பினார், உன் புருஷன் சீட்டாடுவதை விட்டு ஒரு வருஷமாகிறது, வந்து கண்ணால் பார் என்று. சீட்டுக்கட்டு மேசையில் இருக்கிற கதையைச் சொல்லி அனுப்ப அவருக்குத் தோன்றவில்லை. கமலாவின் மறுமொழி வந்தது. சனிக்கிழமை மூன்று மணி லோஞ்சில் வருவாள். மனசுக்குச் சரி என்று பட்டால் பிறகு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். இல்லையென்றால் அடுத்த லோஞ்சிலேயே திரும்பிவிடுவாள், அதற்குப் பிறகு யாரும் கூப்பிடக் கூடாது.

அந்தச் சனிக்கிழமை பாக்கியரத்தினம் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். தனியே இருக்கப் பயந்துதான் ரீச்சர் வீட்டுக்கு வந்தான். நேரமானதும் இறங்குதுறைக்குப் போகலாம் என்று எழும்பும்போது மழை கொட்டத் தொடங்கியது. கூடவே சப்பாத்துச் சத்தமும் கேட்டது. சட்டப்படி மூன்று பேரும் சீட்டை எடுத்தார்கள்.

அன்றைக்கு ரோந்து கடந்து போகவில்லை. இரண்டு ஆமிக்காரர் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தார்கள். ஒருவன் வாசலில் நின்றான். மற்றவன், மீசை சரியாக அரும்பாதவன், காலியாக இருந்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, துவக்கை மடியில் வைத்துக்கொண்டு, சீட்டுக்குக் கையை நீட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னான்.

"முந்நூற்றிநாலு விளையாடுவமாம்" என்றார் கலீலுர் றஹ்மான்.

முந்நூற்றிநாலு இலங்கை முழுக்கத் தெரிந்த விளையாட்டு. துரும்புச் சீட்டுக் கேட்கப் பாஷை தேவையில்லை. பெடியன் ஒரு சிகரெட் பெட்டியை எடுத்துப் பந்தயமாக நடுவில் வைத்தான். தானும் கலீலுர் றஹ்மானும் ஒரு பக்கம், பாக்கியரத்தினமும் சோமசேகரமும் மறுபக்கம் என்று சைகை காட்டினான்.

"நானா, நான் போக வேணும். கமலா வாறாள். இவனுக்குச் சொல்லுங்கோ" என்று பாக்கியரத்தினம், அண்ணன் முறை வைத்துக் கலீலுர் றஹ்மானைக் கெஞ்சினான்.

கலீலுர் றஹ்மான் சொன்னார். பெடியன் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னான். வாசலில் நின்றவன் சிரிக்கவில்லை.

"இரிங்க தம்பி, எழும்பாதீங்க. மழைக்குள்ள எங்க ஓடப்போறானாம் எண்டு மத்தவன் முறைக்கிறான்."

சீட்டுப் போட்டார்கள். பாக்கியரத்தினம் தன் சீட்டுகளை விரித்தான். இப்படி ஒரு கை அவனுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. எதைத் துரும்பாகக் கேட்டாலும் வெல்லலாம். பழைய சூடு கழுத்துவரை ஏறியது. கை தானாகச் சீட்டுகளை நெஞ்சோடு அணைத்தது. கடவுளே, இது இன்னும் எனக்குள்ளேதான் இருக்கிறது என்று நினைத்தான், அழுகை வந்தது. வெளியே லோஞ்சின் ஊதல் கேட்டது. அவள் இறங்கியிருப்பாள். அவன் இல்லாத இறங்குதுறையைப் பார்த்திருப்பாள்.

முதல் பிடி அவனுக்கு வந்தது. இரண்டாவதும் வந்தது. பெடியன் நாக்கைச் சப்புக்கொட்டினான். சோமசேகரம் தன் சீட்டுகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்த குதிரையின் பெயரை முணுமுணுத்தார்.

ஒழுங்கையில் குடையோடு ஒரு பெண் வந்தாள். றுக்கியா அடையாளம் சொன்ன வீடுதான். வாசல்வரை வந்து, அங்கே நின்ற ஆமிக்காரனைத் தாண்டி உள்ளே பார்த்தாள். மேசையைக் கண்டாள், சிகரெட் பெட்டியைக் கண்டாள், வெள்ளைச் சேட்டில், கையில் சீட்டோடு இருக்கும் புருஷனைக் கண்டாள். அவள் கூப்பிடவில்லை. ஒரு வாசலில் நின்று கூப்பிட்டது அவளுக்கு ஒரு பிறவிக்குப் போதும். திரும்பிப் போகக் காலை எடுத்தாள்.

பாக்கியரத்தினம் நிமிர்ந்தான்.

யாரும் அவனைக் கூப்பிடவில்லை. குடையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டிருக்கும். நிமிர்ந்தவன் நிமிர்ந்தபடியே இருந்தான். நெஞ்சோடு இருந்த கை கீழே இறங்கி மேசையில் விழுந்தது. அந்த அருமையான சீட்டுகள் எல்லாம் முகம் காட்டிக்கொண்டு கிடந்தன. பெடியன் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தான். உன் முறை என்று முழங்கையால் இடித்தான். பாக்கியரத்தினம் கையில் பட்ட ஒரு சீட்டைத் தள்ளிவிட்டான், எதைத் தள்ளினான் என்று பார்க்கவில்லை. அவன் கண் வாசலை விட்டு வரவில்லை. எடுத்த காலை வைக்காமல் அவளும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குசினியிலிருந்து பதறிக்கொண்டு வந்த ரீச்சர், ஆமிக்காரனைச் சுற்றி வாசலுக்கு ஓடினார்.

"புள்ள, போயிடாத! நீ நினைக்கிற மாதிரி இல்ல. இவன்கள் வந்து இருந்ததாலதான், வேற வழியில்லாம..."

கமலா குடையை மடக்கி, சுவரோடு சாத்தினாள். செருப்பைக் கழற்றினாள்.

"விளங்குது ரீச்சர். சொல்லத் தேவையில்லை."

"எப்படிப் புள்ள விளங்கும்? நான் ஒண்டும் சொல்லேல்லையே."

கமலா உள்ளே வந்து, சுவரோரம் கிடந்த கதிரையில், அவனுக்கு நேரெதிரே இருந்தாள். முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். மழைத்தண்ணீர் மட்டும்தான் என்று சொல்ல முடியாது.

"அவர் நிமிர்ந்து பார்த்தவர்" என்றாள்.